ரெண்டு உசுருக்குச் சோறு

ஜூன் 3, செவ்வாய்

எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறதாம்.

காலையில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்து, அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் அச்சகத்துக்குப் போன் வந்தது. "இது மாசமா இருக்கறப்ப வர்ற சர்க்கரைங்க, பயப்பட ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை வந்து டயட்டீசியனைப் பாருங்க" என்றாள் நர்ஸ். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும்.

போனை வைத்துவிட்டு ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்குப் பிழை திருத்தினேன். தாய்மாமன் பெயரில் ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டேன். ஈரோட்டில் இந்த அச்சகத்தில் சேர்ந்ததிலிருந்து என் கண்ணைத் தப்பி ஒரு பிழை போனதில்லை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொந்த உடம்பில் வந்தது மட்டும் தெரியாமலே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் குமரேசனின் அம்மா. அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டவர், "நம்மூட்டுல யாருக்குமே அது இல்லியே கண்ணு" என்றார். கொஞ்ச நேரத்தில் பெரிய டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து நீட்டினார்.

"அத்தை, சர்க்கரை..."

"சக்கரை போடுவனா? நாட்டுச்சக்கரைதான் போட்டிருக்கறேன். குடி சாமி. நீ ரெண்டு உசுருக்குச் சாப்புடணும்."

போன மாதம் முழுக்க மாம்பழம் தின்றேன். ஒரு நாள் தனியாக உட்கார்ந்து ஒரு முழுப் பழம், கொட்டையைக்கூட விடாமல். எனக்கு நன்றாக வேண்டும்.

இந்தத் தடவை வாயைக் கட்டிவிடப் போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

டயட்டீசியன் பெயர் ஷர்மிளா பானு. என்னைவிடச் சின்னவள் மாதிரி இருக்கிறாள். நான் உள்ளே போகும்போது மேஜைமேல் பாதி கடித்த சமோசா இருந்தது. எல்லாருக்கும் என்ன சாப்பிடலாம் என்று சொல்கிறவள் சமோசா தின்கிறாள்!

"மன்னிச்சுக்கங்க, காலைல டிபன் சாப்பிட நேரமே கெடைக்கல" என்று சிரித்தபடி அதை முழுசாக முடித்துவிட்டுக் கையைக் கழுவினாள். ஒளிக்கவே இல்லை.

தட்டில் பாதி காய். மீதியில் சோறும், பருப்போ முட்டையோ. நடுவில் சுண்டல், மோர். ஒரு வேளையும் விடக்கூடாது. சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்க வேண்டும். பேப்பரில் எழுதிக் கொடுத்தாள். வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்க ஒரு சின்ன மெஷினும் வாங்கச் சொன்னாள்.

"உங்களுக்கு என்னங்க புடிக்கும்?" என்று கேட்டாள்.

"தனியா ஒண்ணும் இல்லீங்க மேடம்." பிறகு கேட்டேன்: "நான் ஏதாச்சும் தப்பாச் சாப்பிட்டதால வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. நஞ்சுக்கொடியில சுரக்கறது இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. சில பேருக்கு உடம்பு சமாளிச்சுக்கும், சில பேருக்கு இப்படி ஏறிரும். நீங்க பண்ணதுன்னு எதுவும் இல்ல."

நல்ல மனசு. வருகிறவர்கள் எல்லாரிடமும் இப்படித்தான் சொல்வாளாக இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

குமரேசன் ஆட்டுக்கறி வாங்கி வந்தார். மஞ்சள் மண்டியில் வாரம் முழுக்க ஏலம், மூட்டை, தூசி என்று நிற்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான் திருவிழா. நான் இரண்டு கரண்டி சோறு, கொஞ்சம் ரசம். அத்தை ஒரு கறித்துண்டை என் தட்டில் வைத்தார். எடுத்துக் கிண்ணத்தில் திரும்பப் போட்டேன்.

"குருவி கூட இதவிட எச்சாத் திங்கும்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உடும்மா, டாக்டரு சொல்லியிருக்கறாங்க" என்றார் குமரேசன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் திருத்தவில்லை.

சாப்பிட்ட பிறகு மெஷினில் பார்த்தேன். நல்ல எண். ரொம்ப நல்ல எண். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாளாகிறது.

ஜூன் 12, வியாழன்

இந்த வீட்டில் ஒன்று எனக்குப் புரிவதில்லை. இட்லிப்பொடிக்கு ஊற்றக்கூட நல்லெண்ணெய் கிடையாது. கடலெண்ணெய்தான். கல்யாணமாகி வந்த புதிதில் செக்கு நல்லெண்ணெய் டின்னில் நிற்கும். கேட்டால், "அது சூடு" என்று மட்டும் சொல்கிறார் அத்தை. அவருக்கு ஏதோ விரதம் வேறு. ராத்திரியில் சாப்பிடுவதில்லை. எந்தச் சாமிக்கு என்றும் சொல்வதில்லை. தான் சாப்பிடாமல் என்னை மட்டும் சாப்பிடு சாப்பிடு என்று துரத்துவது என்ன நியாயம்?

இன்றைக்குக் குமரேசன் தட்டை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "ஒருத்தி விரதம், ஒருத்தி டயட்டு. நா மட்டும் தனியா உக்காந்து திங்கறேன், பேய் மாதிரி."

எனக்குப் பசியில்லை. உண்மையாகவே.

ஜூன் 14, சனி

எண் அருமை. ராத்திரிக்கு மோர் மட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

அச்சகத்தில் எழுந்து நின்றபோது கண் இருட்டியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. வெயில் அப்படி.

திரும்பும்போது பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் தள்ளுவண்டியில் அன்னாசி அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை வந்ததும் எதிர்ப்பக்கம் கடந்துவிட்டேன். ஆட்டோக்காரர் ஒருவர் திட்டினார். பரவாயில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு அத்தையும் வந்திருந்தார். எடை பார்த்தார்கள். குறைந்திருந்தது. சிறுநீர் பார்த்தார்கள். பானு சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அறைக்கதவைச் சாத்தினாள்.

"நேத்து என்ன சாப்டீங்க?"

சொன்னேன். காலையில் இரண்டு இட்லி, பதினோரு மணிக்குச் சுண்டல், மத்தியானம்...

"என் பேப்பர்ல எழுதுனதை அப்படியே ஒப்பிக்கறீங்க" என்றாள். கோபமில்லை. "யூரின்ல கீட்டோன் வந்திருக்குங்க. சாப்பாடு பத்தாம உடம்பு சொந்தக் கொழுப்பைக் கரைச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். சர்க்கரை ஏறுனாலும் குழந்தைக்கு நல்லதில்ல, நீங்க பட்டினி கெடந்தாலும் நல்லதில்ல." அத்தையைப் பார்த்தாள். "வீட்ல சாப்பாடு சரியா போடறதில்லீங்களா?"

அத்தையின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. "நானுங்களா? ஒவ்வொரு வேளைக்கும் தட்டைத் தூக்கிட்டு இவ பின்னாலயே..."

"அத்தை மேல ஒண்ணும் இல்லீங்க மேடம். நாந்தான் சாப்பிடறதில்ல" என்றேன்.

"ஏங்க?"

போன வருடம் வைகாசியில் மூன்றாம் மாதம் எனக்குக் கலைந்துபோயிற்று. இந்த நோட்டில் இதுவரை அதை நான் எழுதவில்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் தள்ளுவண்டியில் அன்னாசி வாங்கித் தின்றேன். மிளகாய்ப்பொடி தூவி, ஒன்றுக்கு இரண்டு தட்டு. யாரிடமும் சொல்லவில்லை. குமரேசனிடம்கூட. டாக்டர் என்னென்னவோ விளக்கம் சொன்னார். என் காதில் எதுவும் ஏறவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே.

இதையெல்லாம் பானுவிடம் சொன்னேன். அத்தை பக்கத்தில் இருக்கிறார் என்பதே மறந்துபோயிற்று. "என் நாக்குதாங்க மேடம். நாக்கை அடக்கியிருந்தா அது இருந்திருக்கும். இதுக்காச்சும் அடக்கணும்ல?"

பானு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இந்துமதி, ரெண்டு தட்டு அன்னாசியால கரு கலையாதுங்க. மூணு மாசத்துக்குள்ள போறது பெரும்பாலும் கரு உருவாகறப்பவே சரியா அமையாததால. நீங்க அன்னிக்கு என்ன சாப்பிட்டிருந்தாலும், சாப்பிடாம இருந்திருந்தாலும், அதை நிறுத்தியிருக்க முடியாது. டாக்டரம்மாகிட்டயும் கேட்டுக்கங்க." பிறகு, "ஒரு வருஷமா இதைச் சுமந்துக்கிட்டா இருக்கீங்க?" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்னாசி விஷயத்தை மறைத்ததற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். எங்கள் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"அன்னாசி இல்ல கண்ணு" என்றார்.

"என்னுங்க அத்தை?"

"நாந்தான். எள்ளுருண்டை புடிச்சுக் குடுத்தனே, ஞாபகமிருக்குதா? உனக்கு வாந்தியில எதுவும் எறங்கல, அது மட்டும் எறங்குதுன்னு தெனம் குடுத்தேன். நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னிக்கு பக்கத்தூட்டுக்காரி கேட்டா, எள்ளையா குடுத்தே, அது சூடாச்சே, கலைச்சுப்போடுமேன்னு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அன்னைலருந்து எள்ளும் நல்லெண்ணெயும் நம்மூட்டு வாசப்படி ஏறல. ராத்திரிச் சோத்தையும் உட்டுட்டேன். இது நல்லபடியாப் பொறக்கட்டும், அப்பறம் திங்கலாம்னு."

எள்ளுருண்டை எனக்கு நினைவிருந்தது. அந்த நாட்களில் எனக்குப் பிடித்திருந்த ஒரே பண்டம் அதுதான்.

"அத்தை, மேடம் இப்பத்தான சொன்னாங்க, சாப்பாட்டால இல்லைன்னு."

"அது உனக்குச் சொன்னாங்க. அன்னாசிக்குச் சொன்னாங்க. எள்ளுக்குச் சொல்லலியே?"

நான் என்ன சொல்லியும் அவருக்கு ஆறவில்லை. கையைப் பிடித்துத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போனேன். பானு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, எலுமிச்சம்பழச் சோறும் அவித்த முட்டையும் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அத்தை கதவருகிலேயே நின்றபடி கேட்டார். "அம்மிணி, எள்ளுருண்டை தின்னா கலையுமுங்களா?"

பானு என்னைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கலையாதுங்கம்மா. உங்க மருமகளாலயும் இல்ல, உங்களாலயும் இல்ல."

"நாலஞ்சு நாளு குடுத்தனுங்க."

"நாலஞ்சு மாசம் குடுத்திருந்தாலும் இல்லீங்கம்மா."

"வெல்லம் வேற எச்சாப் போட்டிருந்தேன்."

"அப்பவும் இல்ல."

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். சத்தமாக. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. பானு எங்களை அழ விட்டாள். அப்புறம் கேட்டாள்: "கடைசியா ரெண்டு பேரும் எப்பச் சாப்டீங்க?"

அவள் டிபன் பாக்ஸ் மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி, முட்டையை இரண்டாகப் பிய்த்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை முதலில் கையை வைத்தார். ஒரு மூடியில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். வேர்க்கடலை நிறையப் போட்டிருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

ராத்திரி அத்தை தனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தார். குமரேசன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு என்னம்மா விசேஷம்?"

"பேசாமத் தின்னுடா" என்றார் அத்தை.

பிறகு குமரேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 23, திங்கள்

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. காலையில் மூன்று தோசை தின்றுவிட்டேன். எண் கூடிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்குள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பானுவுக்குப் போன் செய்தேன். "ஒரு எண்ணுதானுங்களே. கொஞ்சம் நடங்க, மத்தியானம் எப்பவும் போலச் சாப்பிடுங்க. நாளைக்கு ரெண்டு தோசையும் ஒரு முட்டையும் வெச்சுப் பாருங்க" என்றாள், பஸ் டைம் சொல்கிற மாதிரி.

மத்தியானம் அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு வெக்கட்டும் கண்ணு?" என்று கேட்டார். இந்த வீட்டில் யாரும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதே இல்லை. எவ்வளவு வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

கட்டுச்சோறு, எங்கள் பக்கத்து வளைகாப்பு. ஏழாம் மாதம் முடிவதற்குள் கோபியிலிருந்து அம்மா உறவுக்காரர்களோடு வந்து இறங்கிவிட்டாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சை, தக்காளி, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அத்தனை தூக்குப்போசி. கூடம் முழுக்க நல்லெண்ணெயும் பெருங்காயமுமாக வாசனை.

வந்த ஒறம்பரைச் சனம் இரண்டு கட்சியாகிவிட்டது. "சக்கரை இருக்கறவளுக்கு இதெல்லாம் ஆகுமா?" என்றாள் ஒரு சித்தி. "ஒரு நாளைக்குத் தின்னா என்ன ஆயிரப்போகுது, அள்ளி வெய்யி" என்றாள் ஒரு பெரியம்மா. என் முன்னால் இலை காத்திருந்தது. என் முகம் சூடேறிக்கொண்டு வந்தது.

அத்தை நடுவில் புகுந்தார். "அவளுக்கு வேணுங்கறத அவளே சொல்லுவா. நீங்க உக்காருங்க."

இலையில் பாதிக்குப் பீன்ஸ் பொரியலும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கேட்டேன். அத்தை சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையிலேயே செய்து வைத்திருந்தார். பிறகு புளிச்சோறு, எனக்குப் பிடித்ததால். கொஞ்சம் தயிர்ச்சோறு. சர்க்கரைப் பொங்கல் ஒரு ஸ்பூன். அம்மா, "இவ்வளவுதானா?" என்று கண் கலங்கினாள். "அம்மா, புளிச்சோறு அருமையா இருக்குது. இன்னுங்கொஞ்சம் நாளைக்குக் காலையில கேக்கறேன், எடுத்து வெய்யி" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது.

எண் கொஞ்சம் கூடுதல்தான். எதிர்பார்த்ததுதான். வளையல் குலுங்கக் குலுங்கத் தெருவில் நடந்துவிட்டு வந்தேன். ராத்திரியும் சாப்பிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

சடங்குப்படி கோபிக்கு வந்தவள் நாளைக்கே ஈரோட்டுக்குத் திரும்புகிறேன். செக்கப் எல்லாம் அங்கேதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. நான் இல்லாவிட்டால் அத்தை ராத்திரிச் சாப்பாட்டை மறுபடி விட்டுவிடுவாரோ என்பதை அம்மாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

ஜூலை 17, வியாழன்

ஒழுங்காகச் சாப்பிட்டும், நடந்தும், விடியற்காலை எண் மட்டும் இறங்கவில்லை. டாக்டர் இன்சுலின் எழுதிவிட்டார். பானுவிடம் போய், "தோத்துட்டனுங்க மேடம்" என்றேன்.

"பரீட்சையா எழுதுனீங்க? நஞ்சுக்கொடி பெருசாகுது, உடம்புக்கு ஒத்தாசை வேணும், குடுக்கறோம். சாப்பாட்டுக்கும் இதுக்கும் மார்க் கெடையாதுங்க."

ஊசி போடக் குமரேசன் கற்றுக்கொண்டார். மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த ஆள், அந்த மயிரிழை ஊசியைப் பார்த்து வியர்த்து விறுவிறுத்துவிட்டார். கடைசியில் நானே போட்டுக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், எனக்குத் தைரியம் சொல்வதற்காக.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு கல்யாணப் பத்திரிகையில் இரண்டு இடத்திலும் "மணமகன்" என்றே போயிருக்கிறது. என் கண்ணைத் தப்பிவிட்டது. அச்சேறுவதற்கு முன்னால் முதலாளி பிடித்துவிட்டார். "உனக்கும் தப்பு வருதும்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். யாரோ கொய்யாப்பழம் அறுத்து உப்புத் தூவிக் கொடுத்தார்கள். இரண்டு துண்டு தின்றேன். உள்ளே ஒரு உதை விழுந்தது.

ஆகஸ்ட் 30, சனி

பெண் குழந்தை. வியாழக்கிழமை காலையில் பிறந்தாள். வலிக்கு ஊசி போட்டு, ஒரு பகல் ஒரு ராத்திரி போராடி, சுகப்பிரசவம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குதிகாலில் குத்தி அவளுக்கும் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. குமரேசன் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "குதிகால்ல போட்டு எதுக்குங்க குத்துனாங்க?" என்று நர்ஸைப் பார்த்து அழாத குறை.

எனக்கு இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். பானு வார்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஆறு வாரம் கழிச்சு ஒரு டெஸ்ட் இருக்கு, மறந்துராதீங்க. பால் குடுக்கறீங்க, பசிக்கும். பசிச்சாச் சாப்பிடுங்க" என்றாள். அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். அத்தை தலையைத் தலையை ஆட்டினார்.

மத்தியானம் பக்கத்துப் படுக்கை ரெஜினாவோடு பேசிக்கொண்டிருந்தேன். பவானிக்காரி, இரண்டாவது பையன் பிறந்திருக்கிறான். முதல் பையன் ஆஸ்பத்திரி லிஃப்டை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்த கதையைச் சொல்லி எனக்குத் தையல் வலிக்கும் அளவுக்குச் சிரிக்க வைத்தாள். அவள் மாமியார் வாங்கி வைத்திருந்த தேங்காய்ப் பன்னைப் பிட்டு எனக்கும் கொடுத்தாள். டீயில் தொட்டுத் தின்றோம்.

ஒரு மணிக்கு அத்தை சோறும் கீரையும் கொண்டுவந்தார். "பசிக்குதா கண்ணு?"

"இல்லீங்க அத்தை, கொஞ்சம் கழிச்சுச் சாப்பிடறேன். இப்பத்தான் பன்னு தின்னேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பன்னைப் பற்றி நான் எதையுமே நினைக்கவில்லை. அதில் எவ்வளவு இனிப்பு, தின்னலாமா கூடாதா, அதற்கு ஈடாக எதை விடுவது, எதுவும். தேங்காய் நன்றாக இருந்தது. அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

"அப்ப நா சாப்புடறேன். எனக்குப் பசி காதை அடைக்குது" என்று அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தார்.